கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு கூடாரப் பயணம்: போவதும் எழுதுவதும்

“விடுமுறையில் குடும்பத்துடன் மேற்கொண்ட பயணம்” என்று படிவம் 4, 5 மாணவர்களுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே கட்டுரையைத்தான் எழுதித் தருவார்கள். அதிகாலையில் சேவல் கூவும், அதுவும் பதினோராவது மாடி வீட்டில். அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டுவார். அப்பா காடியை ஓட்டுவார். சாலையின் இரு மருங்கிலும் மரங்கள் கையசைத்து வரவேற்கும். இடம் வந்துவிடும். குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், படம் எடுப்பார்கள். மாலையில் பிரிய மனமின்றி வீடு திரும்புவார்கள். போன இடம் கேமரன் மலையாக இருந்தாலும் சரி, லங்காவியாக இருந்தாலும் சரி, ஒரு சொல்கூட மாறாது.

மொழியில் பிழை இருக்காது. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் அந்த இடத்துக்குப் போய்வர முடியாது. வழி எப்படி, எங்கே எண்ணெய் போடணும், எத்தனை மணிக்குள் சாலையைக் கடக்கணும், கூடாரத்தை எங்கே போடக்கூடாது, இதில் ஒன்றும் இருக்காது. விளக்கக் கட்டுரைக்கு உயிரே இதுதான்.

அதனால் இங்கே ஒரு பயணத்தையே எடுத்து விளக்கப்போகிறேன். ஆயர் ஈத்தாமிலிருந்து புறப்பட்டு, கிரிக் வழியாக மலையைத் தாண்டி, கிளந்தானில் ஜெலியில் இறங்கும் பயணம். ஆசிரியர்கள் இதை வாசிப்புப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் குறிப்பெடுக்கலாம். கூடாரம் வாங்கி வைத்துவிட்டு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிஜமாகவே போகலாம்.

இந்தச் சாலையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வகுப்பில் வந்த ஒரு கேள்வி. மாணவர்கள் இப்போது கைப்பேசியில் அதிகம் பார்ப்பது ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் பயணக் காணொளிகள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூரையில் கூடாரம் கட்டிய ஒரு பெரிய வண்டி, கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மண். ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், நம்ம நாட்டுல இந்த மாதிரி ரோடே இல்லையா?” இருக்கிறது. சிவப்பு மண்ணுக்குப் பதிலாகப் பச்சைக் காடு. கங்காருவுக்குப் பதிலாக யானை. நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அதன் வாசலுக்குப் போய்விடலாம்.

வழி

பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையைப் பிடித்து, பாலிங், பெங்காலான் ஹூலு வழியாகக் கிரிக்குக்குப் போகலாம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பாலிங்கில் பசியாறலாம். வரலாற்று ஆசிரியர் யாராவது கூட வந்தால் அங்கே அரைமணி நேரம் நிறுத்தச் சொல்வார். துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் 1955 டிசம்பரில் பேச்சு வார்த்தைக்கு உட்கார்ந்த ஊர் அது. பேச்சு முறிந்தது. சண்டை நின்று உடன்பாடு கையெழுத்தாக 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மலையேறினால், முன்னால் வரும் சாலை எப்படிப்பட்ட காட்டில் போடப்பட்டது என்பது அவர்களுக்குப் புரியும்.

கிரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும் உள்ள சுமார் 120 கிலோமீட்டர்தான் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் நடுப்பகுதி. அதற்கு முன்னால் பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்குத் தரைவழியாகப் போகவேண்டுமானால் தீபகற்பத்தையே சுற்றித்தான் போகணும். அடர்ந்த காடு, செங்குத்தான மலைச்சரிவு, ஆயுதக் குழுக்களின் தாக்குதல் என எல்லாவற்றையும் தாண்டிப் பல ஆண்டுகள் வேலை நடந்து, 1982-ல் சாலை திறக்கப்பட்டது. தித்திவங்சா மலைத்தொடரை அது கடக்கும் இடம் பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். காலையில் அங்கே நின்றால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும்.

கிரிக்கைத் தாண்டிய பிறகு வருவது தெமெங்கோர் ஏரி. 1970-களில் அணை கட்டியதால் உருவானது. மலையுச்சிகள் தீவுகளாகிவிட்டன. அதில் ஒன்றான பூலாவ் பண்டிங் மேல்தான் சாலையே போகிறது. ஏரிக்கு வடக்கே உள்ள ரோயல் பெலும் காட்டை, 117,500 ஹெக்டர் பரப்பில், 2007-ல் மாநிலப் பூங்காவாக அறிவித்தார்கள். ஜாஹாய், தெமியார் இன ஒராங் அஸ்லி மக்கள் வாழும் நிலம் இது. ரஃப்ளேசியா பூக்கும் காடு. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாசிப் பறவைகளும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. ‘ஹோர்ன்பில்’ என்றே எழுதும் மாணவர்கள் ‘இருவாசி’ என்ற சொல்லை இங்கே குறித்துக்கொள்ளட்டும். அலகுக்கு மேல் இன்னொரு அலகு இருப்பதுபோல் தெரிவதால் வந்த பெயர். காட்டுக்குள் போவதற்குப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், படகும் வேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் படகுத்துறையில் போய் நின்றால் ஏரியைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

கிரிக்கில் எண்ணெய்த் தொட்டியை நிரப்பிவிடுங்கள். அரைத் தொட்டி இருக்கே, போதுமே என்று நினைக்காதீர்கள். மலையேற்றத்தில் வண்டி குடிக்கும் எண்ணெய் வேறு. பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ஆகவே பாதை வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளணும். கிளம்பும் முன் வீட்டில் இருக்கும் யாராவது ஒருவரிடம், “ரெண்டு மணிக்குள்ள ஜெலிக்கு வந்து கூப்பிடுவோம், கூப்பிடலன்னா நீங்க கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகணும். எங்கள் வீட்டில் இது என் மாமியாரின் பொறுப்பு. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அழைப்பு வந்துவிடும்.

அவுட்பேக் எப்படி இருக்கும்?

மாணவர்கள் அவுட்பேக் என்றதும் ‘பாலைவனம்’ என்று எழுதிவிடுகிறார்கள். முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் மணல்மேடும் ஒட்டகமும்தான் பாலைவனம் என்று நினைத்து எழுதினால் படம் மாறிவிடும். அது வறண்ட உள்நாட்டுப் பெருவெளி. சிவப்பு மண், முள்போன்ற புல், குட்டை மரங்கள், மழை பெய்தால் ஒரே வாரத்தில் பூத்துவிடும் தரை. நம் இலக்கணத்தில் பாலைக்குச் சொல்லும் விளக்கம் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. பாலை தனி நிலமாகப் பிறந்தது அல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து அடையும் நிலை அது.

தூரத்தைத்தான் நம் பிள்ளைகளால் கற்பனை செய்ய முடிவதில்லை. தெற்கே போர்ட் ஆகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை நாட்டை ஊடறுத்துப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். பினாங்கிலிருந்து ஜோகூர் பாருவுக்கு நான்கு தடவை ஓட்டுவதற்குச் சமம். அதே வழியில் 1861–62-ல் கண்டத்தைக் கடந்துபோன ஜான் மெக்டுவல் ஸ்டூவர்ட்டின் பெயர் அது. நடுவில் உள்ள பெரிய ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ‘அதன் பக்கத்தில்’ உலூரு என்ற பெரும் பாறை இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தப் ‘பக்கம்’ சாலைவழி 450 கிலோமீட்டர். பினாங்கிலிருந்து சிரம்பானையும் தாண்டிப் போகும் தூரம். உலூருவின் உயரம் 348 மீட்டர். அனங்கு மக்களுக்கு அது புனிதத் தலம். அவர்களின் நீண்டகால வேண்டுகோளை ஏற்று, 2019 அக்டோபர் 26 முதல் அதன்மேல் ஏறுவது முற்றாக நிறுத்தப்பட்டது. ‘பாறையின் உச்சியில் ஏறி மகிழ்ந்தோம்’ என்று இனி யாரும் கட்டுரையில் எழுத முடியாது.

ஆசிரியர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், தலைப்பைவிட்டுக் கொஞ்சம் விலகித்தான். இந்தப் பெருவெளியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூறு கிலோமீட்டர்கூட இருக்கும். பள்ளிக்கூடம் எப்படி? ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-ல் வானொலி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ஆசிரியர் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ‘வருகை’ எடுப்பார். பிள்ளைகள் ஆட்டுப்பண்ணைகளிலும் மாட்டுப்பண்ணைகளிலும் இருந்தபடி ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கூகள் மீட்டில் “டீச்சர், மைக் வேலை செய்யல” என்று கேட்டுக் கேட்டுக் களைத்த நமக்கு, அந்த ஆசிரியர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

பொழுதுதான் முக்கியம்

இரண்டு சாலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஆபத்து என்பது இடத்தில் மட்டும் இல்லை, பொழுதில் இருக்கிறது. இதை விளக்க நான் வகுப்பில் பயன்படுத்துவது நம் திணை அட்டவணையைத்தான்.

பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். அவுட்பேக்கில் கோடையின் நடுப்பகலில் வண்டி பழுதாகி நின்றால், தண்ணீர் இல்லாதவர் கதி மோசம். அதனால்தான் அங்கே உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பல லிட்டர் என்று கணக்குப் போட்டு, கூடவே உபரித் தண்ணீரும் ஏற்றிக்கொள்கிறார்கள். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி. தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும். நிழலும் தரும்.

குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. குறிஞ்சிப் பாடல்களில் தலைவன் இரவுக்குறிக்கு வருவான். தோழி அவனை வரவேண்டாம் என்பாள். ஏன்? வழியில் யானை, புலி, பாம்பு, சறுக்கும் பாறை. ‘ஆற்றின் அருமை’ என்று இதைப் பாடம் நடத்துகிறோம். ஆறு என்றால் இங்கே நதி அல்ல, வழி. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். கிரிக்–ஜெலி சாலையில் அது இன்றைக்கும் நடக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2025 மே 11, அன்னையர் தினம். விடிவதற்கு முன், கோழி ஏற்றிவந்த ஒரு லோரி இந்தச் சாலையில் ஒரு யானைக் கன்றை மோதியது. கன்று லோரிக்கு அடியில் சிக்கி இறந்தது. தாய் யானை போகவில்லை. லோரியின் மேல் தலையை அழுத்தியபடி மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒரு மணி. திரங்கானுவின் ஜெர்த்தேவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து, தாசேக் பண்டிங் அருகே கவிழ்ந்தது. 15 மாணவர்கள் இறந்தார்கள். ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அது. இதை வாசிக்கும் உங்களில் பலர் அங்கே படித்தவர்கள். நாளைக்கு நம் பள்ளிகளில், நம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

இரண்டு சம்பவங்களின் காரணங்களும் வேறு வேறு. ஆனால் இரண்டும் யாமத்தில் நடந்தவை. இருட்டு, வளைவு, பனிமூட்டம், நீண்ட இறக்கம், ஓட்டுநரின் களைப்பு எல்லாம் சேரும் நேரம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தச் சாலையை இரவில் கடக்கவேண்டிய கட்டாயம் எதுவுமே கிடையாது. நெரிசல் இருக்காது, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று இரவில் கிளம்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு அது சரிப்பட்டு வரலாம். இங்கே வேண்டாம். காலை பத்து மணிக்குக் கிரிக்கில் இருங்கள், பிற்பகல் மூன்று மணிக்குள் ஜெலியில் இறங்குங்கள். இது என் கணக்கு. நடுவே ஏரிக்கரையில் சாப்பிடவும், எல்லையில் நின்று மலையைப் பார்க்கவும் அதில் நேரம் இருக்கிறது. அவுட்பேக்கிலும் பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். வாடகை வண்டி கொடுக்கும் நிறுவனங்கள் பல, ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. சாலைத் தொடர்வண்டி என்று சொல்லத்தக்க, 50 மீட்டருக்கும் நீளமான லோரிகள் அந்தச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. கங்காரு குறுக்கே வந்தால் அவற்றால் சட்டென்று நிறுத்த முடியாது.

யானையைப் பார்த்தால் என்ன செய்வது? வகுப்பில் எல்லாரும் கேட்கும் கேள்வி: “ஹார்ன் அடிச்சா ஓடிடும்தானே டீச்சர்?” அடிக்கக்கூடாது. பெரிய விளக்கை மினுக்கவும் கூடாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, அது கடந்து போகும்வரை காத்திருக்கணும். நம்மை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னால் நகரணும். படம் எடுக்கிறேன் என்று இறங்கவே கூடாது. கன்று ஒன்றைப் பார்த்துவிட்டால் தாய் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சாலைக்கு அடியில் விலங்குகள் கடந்துபோக ஓர் உயர்பாலமும் கட்டியிருக்கிறார்கள். யானைகள் அதையும் பயன்படுத்துகின்றன, சாலையையும் பயன்படுத்துகின்றன. காடு அவற்றின் வீடு. நாம்தான் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தார் ஊற்றி வைத்திருக்கிறோம்.

கூடாரத்தை எங்கே போடுவது

ஜெலியில் இறங்கியதும் தங்க இடங்கள் உண்டு. அங்கிருந்து தெற்கே டாபோங் பக்கம் போனால் ஸ்தோங் மலையும் ஜெலவாங் அருவியும் இருக்கின்றன. பல அடுக்குகளாக விழும் மிக உயரமான அருவி அது. பலரும் நேராகக் கடற்கரைக்கே போய்விடுவார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் பருவமழை. அந்தக் காலத்தில் கூடாரத்தோடு போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கூடாரம் என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஆற்றோரம். தண்ணீர் பக்கத்தில் இருக்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள், பாத்திரம் கழுவ வசதி. ஆனால் ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர்ப் பெருக்கு அங்கேதான் வரும். நம் ஆயர் ஈத்தாம் பெயரில் இருக்கும் அதே ‘ஆயர்’, தண்ணீர். ‘கெப்பாலா’ என்றால் தலை. நாம் இருக்கும் இடத்தில் வெயிலடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் மரக்கட்டைகளோடு சேர்ந்து நிமிடக் கணக்கில் வந்து சேரும். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயில் அப்படி வந்த பெருக்கு உயிர்களைக் கொண்டுபோனது. பினாங்கிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும் மலை அது. ஆற்று நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சாமானை எடுக்கப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடணும்.

அடுத்தது மலைச்சரிவு. 2022 டிசம்பர் 16, அதிகாலை. பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். குழந்தைகள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள். பள்ளி விடுமுறை தொடங்கிய நேரம், சக ஆசிரியர்கள் சேர்ந்து குடும்பங்களோடு வந்திருந்த பயணம். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை என்று பின்னர் அரசு அறிவித்தது. இதற்குப் பிறகு இடத்தை முன்பதிவு செய்யும்போது நான் கேட்கும் முதல் கேள்வி கழிவறையைப் பற்றியது அல்ல. “ஊராட்சி உரிமம் இருக்கா?” என்பதுதான். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை. சரிவுக்கு அடியில் போடாதீர்கள், சரிவின் விளிம்பிலும் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளாகத் தொடர்ந்து மழை பெய்திருந்தால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

எடுத்துச் செல்லும் சாமான்களைப் பற்றி நீட்டவில்லை. கூடாரம், தரைவிரிப்பு, மேலே கட்டும் ஒரு தார்ப்பாய், தலைவிளக்கு, கேஸ் அடுப்பு, மருந்துப் பெட்டி, ஆளுக்கொரு விசில். கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. மூடிய இடத்தில் சேரும் கரிவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சாப்பாட்டு மிச்சத்தைத் திறந்து வைத்தால் குரங்கு வரும், அதுக்கு நேரம் காலம் கிடையாது.

பழைய வழிகாட்டி ஒன்று

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்கிற அமைப்பு. அதில் மலைபடுகடாம், நன்னனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. கூத்தர்கள் தனியாகப் போகவில்லை, சுற்றத்தோடு, பெண்களோடு, இசைக்கருவி மூட்டைகளோடு மலைவழியே போகிறார்கள். குடும்பப் பயணம்தான்!

அதில் புலவர் சொல்லும் அறிவுரைகளைப் பாருங்கள். காட்டுப்பன்றிக்காகப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு போங்கள். பாம்பு இருக்கும் இடத்தைக் கவனித்து ஒதுங்குங்கள். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படாதபடி மரத்தின் மறைவில் போங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவானால் குகையில் தங்கிவிடுங்கள். வழி தவறிவிட்டால் அலையாதீர்கள், பாறையில் ஏறி உங்கள் கருவிகளை வாசியுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவார்கள். நான் ஆளுக்கொரு விசில் என்று சொன்னதும், ஆஸ்திரேலியர்கள் வண்டியைவிட்டு நகராதே என்பதும் இதுதான். வழி பிரியும் இடங்களில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்றும் சொல்கிறார், பின்னால் வருகிறவர் குழம்பாமல் இருக்க.

என் மாணவர்களிடம் நான் கேட்பது அந்தப் புல்முடிச்சைத்தான். உங்கள் பயணக் கட்டுரையில் பின்னால் வருகிறவருக்கு ஒரு முடிச்சாவது இருக்கிறதா? ‘சாலை மிகவும் ஆபத்தானதாக இருந்தது’ என்பது முடிச்சு இல்லை. ‘எல்லையைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது, அப்பா பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் கியரைக் குறைத்துக்கொண்டார்’ என்பது முடிச்சு. ‘இயற்கை எழில் கண்ணைக் கவர்ந்தது’ என்பதைத் தேர்வுத்தாள் திருத்துகிறவர் ஒரு நாளைக்கு முப்பது தடவை படித்துவிடுகிறார். ‘கிரிக்கைத் தாண்டியதும் தங்கை யானைப் பலகைகளை எண்ணத் தொடங்கினாள், பதினேழில் தூங்கிவிட்டாள்’ என்று ஒருத்தி எழுதினால், அவர் பேனாவை நிறுத்தி இன்னொரு முறை படிப்பார்.

போகாத ஊரைப் பற்றியும் இப்படி எழுத முடியுமா? முடியும். எல்லாக் குடும்பத்துக்கும் காடி இல்லை, விடுமுறையும் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளியில் கிளந்தான் பக்கம் எட்டிப்பார்க்காத மாணவர்கள் நிறைய. தேர்வில் அனுபவத்தைச் சோதிப்பதில்லை, விளக்கும் திறனைத்தான் சோதிக்கிறார்கள். வரைபடத்தில் தூரத்தை அளந்து, பொழுதைக் கணக்குப் போட்டு, லோரி ஓட்டும் மாமாவிடமோ கோத்தா பாருவில் வேலை செய்யும் அக்காவிடமோ பத்துக் கேள்வி கேட்டால் போதும்.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. மாணவர்களை நால்வர் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு குடும்பம். இரண்டு நாள், ஒரு கூடாரம், 400 ரிங்கிட். ஒரு குழுவுக்குக் கிரிக்–ஜெலி சாலை, ஒன்றுக்குத் தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா, ஒன்றுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலூரு (அவர்களுக்கு மட்டும் ரிங்கிட்டைக் கூட்டிக் கொடுக்கணும்). எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே எண்ணெய், எவ்வளவு தண்ணீர், எந்தப் பொழுதில் எங்கே இருக்கக்கூடாது, மழை வந்தால் என்ன மாற்றம் என்று எழுதட்டும். அரைமணி நேரம் கழித்துத் தாள்களை மாற்றிக்கொடுங்கள். அடுத்த குழு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பயணத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, எங்கே வழி தெரியாமல் நின்றுவிட்டார்களோ அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடட்டும். பிறகு தாளை எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுத்து, கோடு போட்ட இடங்களை மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.